சேர்வராயன் மலைக் கல்லறைகள்: கல், செங்கல், சுண்ணாம்பு

ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சாலைக்காக வெட்டிய இடங்களில் கரும்பச்சையாக, எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போடு தெரியும் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகையை 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் ஆராய்ந்தார். அந்தக் கல்வகைக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்துவிட்டார். பலகை வங்காளத்துக் கல் அல்ல. சென்னைக்குப் பக்கத்தில் பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்திலிருந்து போன கல் என்பதுதான் பொதுவாக ஒப்புக்கொண்ட முடிவு. அதே இனப் பாறைதான் சேர்வராயன் மலையின் உடம்பு.

கல்லறைப் பலகைக்குப் பேர்போன கல் காலடியிலேயே கிடக்கிறது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் மதராஸ் மாகாணத்தில், மலையிலும் சரி சமவெளியிலும் சரி, கட்டிய ஐரோப்பியர் கல்லறைகளின் வழக்கமான வடிவம் வேறு: உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு, முகப்பில் மெல்லிய சலவைக்கல் பலகை. இது ஏன் என்பது புரிந்தால்தான் அவை எதனால் சிதைகின்றன, எப்படிப் பழுது பார்ப்பது என்பதும் புரியும்.

முதல் காரணம் எடை. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், அரையடி கனத்தில் ஒரு கிடைக்கல் ஏழரை கன அடி வரும். இந்த வகைக் கல் கன அடிக்குச் சுமார் 77 கிலோ. ஆக ஒரே பலகை 575 கிலோவைத் தாண்டும். மலைச்சரிவில் அதை நகர்த்தக் குறைந்தது பதினைந்து இருபது ஆள் வேண்டும். இரண்டடிக்கு ஒன்றரை அடி, ஒரு அங்குலக் கனமுள்ள சலவைக்கல்லோ 20 கிலோவுக்குள் அடங்கிவிடும். சாக்கில் சுற்றி ஒரே ஆள் தலைச்சுமையாக மேலே கொண்டுபோகலாம். 1860-களின் தொடக்கத்தில் ரயில் சேலத்துக்கு வந்த பிறகு, மதராஸில் எழுத்து வெட்டிய பலகையை அடிவாரம்வரை கொண்டுவருவதும் சுலபமாயிற்று.

இரண்டாவது காரணம் உளி. சார்னோக்கைட் உளியைத் தின்னும் கல். சமவெளியில் கிடைக்கும் வரிப்பாறைக்கு ஒரு குணம் உண்டு: வரியைப் பார்த்து ஆப்பு வைத்தால் பலகையாகப் பிளந்து வரும். சார்னோக்கைட்டில் அந்த வரி மங்கல். பிளந்தால் நேராக வரும் என்று சொல்ல முடியாது. எழுத்தையும் ஆழமாக வெட்ட மாட்டார்கள், மேலோட்டமாகப் பொளிந்து விடுவார்கள். ஆழம் குறைவாக இருந்தாலும் அந்த எழுத்து நிற்கும். அதே காலத்துச் சலவைக்கல் எழுத்தை மழை கரைத்து வழித்திருக்கும்.

கல் பிளப்பதில் உள்ள இந்த வித்தியாசம் இரும்புக் காலத்துக் கல்லறைகளிலும் வேலை செய்திருக்கிறது. பழைய சேலம் மாவட்டம் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களையும் சேர்த்த பெரிய நிலம். 1965-இல்தான் தருமபுரி பிரிந்தது. அந்த நிலத்தில், கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லச்சந்திரத்தில், கல்திட்டைகள், அதாவது கல் பலகைகளை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த கல்லறைகள், ஒரு குன்று முழுக்க இருக்கின்றன. ஊரார் வாயில் அவை பாண்டவர் வீடு. மேட்டூர் அருகே தெலுங்கனூரிலும் மாங்காட்டிலும் கற்பதுக்கைகளில் (மண்ணுக்குள் பலகைகளால் அமைத்த கல்லறைப் பெட்டிகளில்) கிடைத்த இரும்பு வாள்களின் காலத்தைக் கதிர்க்கரி ஆய்வு கி.மு. 1600-க்கும் 1200-க்கும் இடையில் வைக்கிறது. இரும்புத் தாதுக்குப் பேர்பெற்ற கஞ்சமலை இருப்பதும் இதே மாவட்டத்தில்தான்.

கல்திட்டையின் கட்டுமானத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் சாந்து ஒரு துளிகூடக் கிடையாது. முதலில் தரைப் பலகை. அதைச் சுற்றி நாலு நிலைப் பலகைகள். பெட்டி மாதிரி மூலைக்கு மூலை முட்டி நிற்காமல், ஒவ்வொரு பலகையும் ஒரு பக்கம் அடுத்ததைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திகா வடிவம். வெளியிலிருந்து மண்ணும் கல்லும் நெருக்கும்போது ஒரு பலகை உள்ளே சாயப் பார்த்தால் பக்கத்துப் பலகையின் விளிம்பு அதைத் தடுக்கும். நாலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் நெருக்கம் கூடக் கூடக் கட்டு இறுகும். கிழக்குப் பலகையில் பெரும்பாலும் வட்டமான இடுதுளை இருக்கும்; பிறகு வந்து எலும்பும் படையலும் வைக்க அதுதான் வழி. மேலே மூடுகல். எட்டடிக்கு ஆறடி, முக்காலடிக் கனம் என்று வைத்தால் 36 கன அடி, கிட்டத்தட்ட 2,770 கிலோ. அதைத் தூக்கி வைத்திருக்க மாட்டார்கள். நிலைப் பலகைகளின் உயரத்துக்கு மண் சரிவு போட்டு, மர உருளைமேல் இழுத்து ஏற்றியிருப்பார்கள் என்பதே பொருத்தமான விளக்கம்.

பலகை பெயர்க்கும் வித்தை தென்னாட்டில் வெகு காலம் நீடித்தது. மேற்பரப்புப் பாறைமேல் விறகைப் பரப்பித் தீ மூட்டி, நெருப்பை மெல்ல முன்னால் நகர்த்திக்கொண்டே போவார்கள். சூடேறிய மேல்தோல் விரிந்து அடிப்பாறையை விட்டு உப்பும். கம்பியால் தட்டிக்கொண்டே போனால் பெயர்ந்த இடத்தில் சத்தம் மாறும். பிறகு அந்தத் தாளை ஆப்படித்து வேண்டிய அளவுக்கு உடைத்துக்கொள்வார்கள்.

இவ்வளவு உறுதியான கட்டு எங்கே விழுகிறது? சுற்றியிருக்கும் மண் அணைப்பு போனால். ஒரு நிலைப் பலகையை வாசற்படிக்கோ மாட்டுத் தொட்டிப் பக்கமோ ஒருவர் பெயர்த்துப் போனால் மற்ற மூன்றும் பிடி விட்டுவிடும். புதையல் ஆசையில் தரைப் பலகைக்கு அடியில் தோண்டுவது அதைவிட மோசம். அடிமண் போனதும் மூடுகல்லின் இரண்டேமுக்கால் டன் ஒரு பக்கமாகச் சாய்ந்து எதிர்ப்பலகையை இரண்டாக ஒடிக்கும். உள்ளே இருப்பது எலும்பும், கறுப்பு-சிவப்புப் பானை ஓடும், துருவேறிய இரும்பும்தான். 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் ஆட்சியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கலாம்.

பாறை, பழங்காலம் என்ற இரண்டு உலகத்தையும் அறிந்தவர் ஒருவர் ஏற்காட்டிலேயே இருக்கிறார். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், சேலம் வட்டாரத்தின் பாறைகளை வில்லியம் கிங்குடன் சேர்ந்து அளந்து எழுதியவர். ஓய்வுக் காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார். 1912 டிசம்பர் 29 அன்று இறந்தார். அஸ்தி ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் வைக்கப்பட்டது. மாமனார் பீட்டர் பெர்சிவல் 1882-இல் ஏற்காட்டில் காலமானவர். யாழ்ப்பாணத்தில் பைபிளைத் தமிழில் பெயர்க்கும்போது ஆறுமுக நாவலரைத் துணையாக வைத்துக்கொண்ட பாதிரியார் இவர்தான். ஏற்காட்டுக்குக் காப்பி வந்த கதையை எல்லோரும் சொல்கிறார்கள், 1820-களில் ஆட்சியராக இருந்த காக்பர்ன் பெயரைச் சொல்லாத சுற்றுலாப் பலகை இல்லை. ஃபூட், பெர்சிவல் இருவருக்காகவும் ஏற்காட்டுக்குப் போகலாம் என்பது என் கட்சி.

செங்கல் கல்லறைக்கு வருவோம். மிக எளிய வடிவம் பெட்டிக் கல்லறை: ஏழடி நீளம், மூன்றரை அடி அகலம், இரண்டரை அடி உயரம். முழுக்கச் செங்கல்லால் நிரப்ப மாட்டார்கள். ஒன்பது அங்குலச் சுவரை நாலு பக்கமும் எழுப்பி, நடுவில் கல்லும் மண்ணும் கொட்டி, மேலே செங்கல் தளமோ கல் பலகையோ போட்டு மூடுவார்கள். சுவருக்கு மட்டும் கணக்கிட்டால் 33, 34 கன அடி. ஒன்பது அங்குலச் செங்கல் 375 அளவுக்கு ஆகும். நடு நிரப்பு 27 கன அடி. இந்த நிரப்புதான் பிற்காலத்தில் வினை. மழைநீர் உச்சித் தளத்தின் வெடிப்பில் இறங்கி நிரப்பை ஊறவைக்கும். ஊறிய மண் உப்பி நீளச் சுவர்களை வெளியே தள்ளும். சுவர் நடுவில் வயிறு தள்ளி, மூலைகளில் நெட்டாக வெடிப்பு விட்டிருந்தால் கோளாறு அடித்தளத்தில் இல்லை, தலையில் இருக்கிறது. உச்சியைச் சரிசெய்யாமல் பக்கச் சுவரைப் பூசினால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் விடும்.

பெட்டிக்கு அடுத்தது தூபி. நூற்றாண்டின் முதல் பாதியில் கூர்தூபி, பிரமிடு, துணி போர்த்திய கலசம், ஒடிந்த தூண் என்று கிரேக்க ரோம எகிப்திய ஜாடைதான் அதிகம். ஒடிந்த தூண் அற்பாயுளில் போனவருக்கு. பிற்பாதியில் கோதிக் மோகம் வந்ததும் மூன்று படிமேல் நிற்கும் சிலுவை, கூர்வளைவுத் தலைக்கல் என்று மாறிற்று. பெயர் தேய்ந்த கல்லறையின் காலத்தைக் குத்துமதிப்பாகச் சொல்ல இந்த வடிவ மாற்றம் உதவும்.

சாந்து அந்தக் காலத்தில் சுண்ணாம்புதான். இங்கே ஒரு உள்ளூர் எச்சரிக்கை. சேலத்துக்கு வடக்கே வெள்ளையாகக் கிடக்கும் குன்றுகளை ஆங்கிலேயர் சாக்குக் குன்று (Chalk Hills) என்று அழைத்தாலும் அது சுண்ணாம்பு இல்லை, மேக்னசைட். உலைக்கல் செய்ய உகந்தது. கட்டடச் சுண்ணாம்பாகச் சுட்டு நீற்றும் வேலைக்கு ஆகாது. சுண்ணாம்புக்கு சங்ககிரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல், ஓடைகளில் கிடைக்கும் சுக்கான்கல், கடற்கரையிலிருந்து வரும் கிளிஞ்சல் என்று மூன்று வழி. சுக்கான்கல்லில் களிமண் கலப்பு இருப்பதால் ஈரத்திலும் இறுகும்; அடித்தளத்துக்கும் கட்டுக்கும் அது. கிளிஞ்சல் சுண்ணாம்பு வெண்மை. மெருகுப் பூச்சுக்கு அது.

பழுது பார்க்கும்போது கெடுப்பது பெரும்பாலும் சிமென்ட். பழைய செங்கல் மிருது, நீரை உறிஞ்சும், காற்றுப்பட்டால் அதை வெளியே விட்டுவிடும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூச்சு விடாது. உள்ளே மாட்டிய ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு சிமென்டுக்குப் பின்னால் வந்து நிற்கும். உலரும்போது உப்பு படிகமாகிச் செங்கல் முகத்தைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். வெளியே பார்த்தால் சிமென்ட் புத்தம் புதிதாக இருக்கும். விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள்: பொள்ளென்று சத்தம் வந்தால் பின்னால் செங்கல் இல்லை, தூள்தான்.

சரியான வழி நேரம் பிடிக்கும். சிமென்டைச் சின்ன உளியால் ஓரத்திலிருந்து பெயர்க்க வேண்டும். செங்கல் முகம் சேர்ந்து வருகிறதென்றால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுவது மேல். செங்கல் சந்துகளில் இற்றுப்போன சாந்தை முக்கால் முதல் ஒரு அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, தூசி போகக் கழுவி, ஈரம் காயுமுன் அடைக்க வேண்டும். சுண்ணாம்பு வாங்கிய அன்றே நீற்றிப் பூசுவது கூடாது. தொட்டியில் நீற்றி, சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது மூன்று வாரம் ஊற வைக்க வேண்டும். நீறாத கட்டி ஒன்று பூச்சுக்குள் போனால் பிறகு அங்கேயே நீறி உப்பி, காசளவுக்குப் பூச்சைத் தெறிக்கவிடும்.

கலவை சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் இரண்டு அல்லது இரண்டரை. ஈரம் அதிகமுள்ள அடிப்பகுதிக்கு மணலில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, நன்றாக வெந்த செங்கல்லை இடித்த சுர்க்கி சேர்க்கலாம். வேகாத செங்கல் தூள் வெறும் மண், பிடிக்காது. கடுக்காயைக் கொட்டை நீக்கி நொறுக்கிப் பத்து நாள் ஊறவைத்த தண்ணீரும் பனைவெல்லமும் சேர்ப்பது பழைய வழக்கம். சுண்ணாம்பின் எடையில் நூற்றுக்கு 2 முதல் 5 போதும். வெல்லம் கூடினால் இறுகுவது தாமதமாகும், எறும்பும் மொய்க்கும். பாட்டன் காலத்துப் பக்குவம் என்று கேள்விப்பட்டு முட்டை, வெல்லம், உளுந்து என்று வாரிக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முட்டை வெள்ளைக்கரு மெருகுப் பூச்சுக்கு உரியது. வெயில் மழையில் நிற்கும் கல்லறையின் அடிப்பூச்சுக்கு அது வீண்.

பூச்சு ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்குள். முதல் கை இறுகி, நகத்தால் கீறினால் லேசாகக் கோடு விழும் பதத்தில் இரண்டாம் கை. பூச்சைச் சமன்செய்யும் மணியாஸ் கட்டையால் அழுத்தித் தேய்த்து, வரும் மயிர்வெடிப்புகளை அன்றன்றே மூட வேண்டும். பிறகு இரண்டு வாரம் ஈரச்சாக்கு. ஏற்காட்டில் இதற்குக் காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. மே மாதக் கோடை மழை தொடங்கிவிட்டால் நவம்பர் தாண்டும்வரை மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுக வேண்டும், சொட்டச் சொட்ட நனைந்த பூச்சுக்குள் காற்று நுழையாது. சேலம் சமவெளியில் பிரச்சினை தலைகீழ்: மார்ச் வெயிலில் பூச்சு மேலே மட்டும் காய்ந்து பொருக்காகிவிடும், அங்கே நிழல்பந்தல் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது.

அரசும் ஆலும் முளைத்த கல்லறையில் செடியைப் பிடித்து இழுப்பது பெரும் தவறு. வேர் ஏற்கெனவே சந்துகளுக்குள் பரவிச் செங்கல்லைக் கவ்வியிருக்கும். இழுத்தால் சுவரும் கூடவே வரும். தண்டை அடியோடு அறுத்து, வெட்டுவாய் ஈரமாக இருக்கும்போதே களைக்கொல்லியைத் தூரிகையால் தடவி, வேர் பட்டுப்போகும்வரை மாதக்கணக்கில் விட வேண்டும். பட்ட வேர் சுவருக்குள் இருந்தால் இருக்கட்டும். வெடிப்பை மட்டும் நீர்த்த சுண்ணாம்பால் நிரப்பலாம். உண்ணிச்செடி அவ்வளவு ஆபத்தில்லை, அறுத்தெடுத்தால் போதும்.

சலவைக்கல் பலகையின் எதிரி இரும்பு. பலகையைச் செங்கல் முகப்போடு பிடித்து வைக்க இரும்புக் கவ்விகள் போட்டிருப்பார்கள். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். மூலையில் பழுப்புக் கறை வழிந்து, அதிலிருந்து விசிறி போல வெடிப்பு ஓடினால் உள்ளே கவ்வி ஊதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பலகை விழுந்து உடைவதற்குள் கவ்வியை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகில் மாற்ற வேண்டும்.

சில பலகைகளில் எழுத்து ஈயத்தால் ஆனது. எழுத்தின் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சின்னத் துளைகள் போட்டு, ஈயத்தை அடித்து இறக்கிச் சமமாகத் தேய்த்திருப்பார்கள். ஈயத்தை யாரோ கத்தியால் நெம்பி எடுத்த பிறகு, மழையில் பள்ளம் மழுங்கிப் போனாலும் துளைகள் நிற்கும். அந்தப் புள்ளிகளை வைத்தே பெயரைப் படிக்கலாம்: நேர்கோட்டு எழுத்துக்குக் கீழும் மேலும் துளை, வளைவு எழுத்துக்குச் சுற்றிலும். வருடத்தை முதலில் பிடியுங்கள். முதல் இரண்டு இலக்கம் 18 என்பது பெரும்பாலும் முன்பே தெரிந்ததுதான், அந்த இரண்டின் துளை அமைப்பே மற்றவற்றுக்குத் திறவுகோல்.

தேய்ந்த எழுத்தைப் படிக்கச் சாக்குக்கட்டி தேய்ப்பதும் மாவு பூசுவதும் வேண்டாம். இரண்டும் சலவைக்கல்லின் துளைகளில் தங்கிப் பாசியை வளர்க்கும். முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி விட்டால் போதும், நிழல் எழுத்தைத் தூக்கிக் காட்டும். சுத்தம் செய்யத் தண்ணீர், நைலான் பிரஷ், மூங்கில் சீவல் மட்டும். கழிப்பறை கழுவும் அமிலத்தைச் சலவைக்கல்மேல் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு எழுத்தும் போகும். பிளீச்சிங் பவுடர் உப்பை விட்டுவைக்கும். கம்பி பிரஷ் கீறலோடு இரும்புத் துகளையும் விட்டுப் பின்னால் துருக்கறை உண்டாக்கும். சார்னோக்கைட்மேல் வட்ட வட்டமாகப் படர்ந்திருக்கும் பாறைப்பாசியைச் சுரண்ட வேண்டியதில்லை. எழுத்தை மறைக்காதவரை அதனால் பெரிய கேடு இல்லை.

கல்வெட்டுக்காரர்கள் செய்வது போல மைப்படி எடுப்பதைக் கெட்டிக் கல்லில் மட்டும் செய்யலாம். கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, மயிர்க்கற்றைத் தூரிகையால் குத்திக் குத்திப் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, அரை ஈரத்தில் மையை ஒற்ற வேண்டும். உதிரும் சலவைக்கல்லில் இதைச் செய்தால் தாளோடு எழுத்தும் உரிந்து வரும். அதற்குப் புகைப்படமே மேல்: நேர்முகமாக ஒன்று, பக்கவெளிச்சத்தில் இரண்டு, அளவுகோல் வைத்து ஒன்று.

எடுத்த பதிவை ஒப்பிட ஒரு பழைய பட்டியல் இருக்கிறது. மதராஸ் மாகாணக் கல்லறைக் கல்வெட்டுகளை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி தொகுத்து 1905-இல் வெளியிட்டார். அந்தப் பட்டியலில் பதிவாகி, தரையில் காணாமல் போன கல்லறை ஏதும் இருந்தால், உடனே அழிந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். மலைச்சரிவில் வழிந்து வரும் செம்மண் நூறு வருடத்தில் தாழ்ந்த கிடைக்கல்லை எளிதாக மூடிவிடும். பக்கத்துக் கல்லறைகளின் வரிசையையும் இடைவெளியையும் அளந்து, பலகை இருக்க வேண்டிய இடத்தைக் குறித்துக்கொண்டு, தேவாலயச் சபையின் அனுமதியோடு, கடப்பாரை இல்லாமல் மூங்கில் குச்சியால் அரையடி ஆழத்துக்கு மெல்லக் குத்திப் பார்க்கலாம். கல் தட்டினால் மண்ணைக் கையால் விலக்க வேண்டும், மண்வெட்டியால் அல்ல.